பதில் சொல்லாத ஒத்துக்காரர்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு இக்கரையில் கோடை முடிவதற்குள் புல்லெல்லாம் தீர்ந்துவிடும். அக்கரையிலோ மூங்கில் குருத்து விட்டு, வா வா என்று நிற்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு நாள், மழை பிடித்துக்கொள்ளும் முன்பு, யானைக் கூட்டம் மொத்தமும் ஆற்றைக் கடந்து போகும்.

கடப்பது என்றால் சும்மா இறங்கி நடந்துவிடுவது அல்ல. தண்ணீருக்கு அடியில் ஒரே ஒரு பாறைத் தடம். அதன் அகலம் ஒரு யானையின் அகலம். கால் பிசகினால் மடு. மடுவில் ஒரு சுழல். சுழலுக்கு அடுத்தது அருவி. அருவிக்கு அடுத்தது என்ன என்று பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாரும் இல்லை.

அந்தத் தடம் ஒரே ஒரு யானையின் கால்களுக்குத்தான் பழக்கம். அவள் கூட்டத்தின் மூத்தவள். எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடுவார்கள். பெரியம்மாவுக்கோ இரண்டு கண்ணும் தெரியாது.

கண் தெரியாதவள் எப்படிக் கடப்பாள்? அதற்குத்தான் மேளம்.

அக்கரையில், தடம் போய் முடிகிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு நீர்மருது மரம். அதில் மேளக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். சீட்டி அடிப்பதில் பேர்போன சீகாரப் பூங்குருவி நாயனக்காரர். மரங்கொத்தி தவில்காரர். செம்பைத் தட்டுவது போல ‘டங்க் டங்க்’ என்று கூவும் குக்குறுவான் தாளக்காரர். நாலாவது ஆள் அடிமரத்துப் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிள்வண்டு. அவர் ஒத்துக்காரர்.

ஒத்து என்றால், நாயனம் மேலே போனாலும் கீழே வந்தாலும், தவில் ஓடினாலும் நின்றாலும், பின்னால் ஒரே சுருதியை ‘ஙீஈஈஈ’ என்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. அவ்வளவுதான். அதைக் கேட்டு ‘ஆஹா’ என்று தலையாட்டியவர் அந்தக் காட்டில் கிடையாது.

ஆனால் யானைகளிடம் ஒரு விதி இருந்தது. தவில் கேட்டால் காலை எடுத்து வை. ஒத்து எங்கிருந்து வருகிறதோ அங்கே நேராக நட. ஒத்து நின்றால் நில். தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்காதே. இந்த விதியை யானைகள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மேளக்காரர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. யானைகள் எல்லாம் தன் நாயனத்துக்கு மயங்கித்தான் நடந்து வருகின்றன என்பது பூங்குருவியின் நினைப்பு. அது ரொம்ப நாளைய நினைப்பு. அதனால் நன்றாக உறைந்துபோயிருந்தது.

மேளக்காரர்களுக்கு இரண்டு சலுகை உண்டு.

ஒன்று, எல்லா யானையும் கரையேறும்போது பெரியம்மா ஒவ்வொரு மேளக்காரரையும் பட்டம் சொல்லிக் கூப்பிடுவாள். ‘நாயனக்காரரே!’ என்பாள். ‘இருக்கேன் தாயே!’ என்று பதில் வந்த பக்கம் தும்பிக்கையை நீட்டுவாள். அதில் ஏறி அவள் முதுகுக்குப் போய்விடலாம். அப்புறம் வருஷம் முழுக்க அங்கேயே சவாரி. யானை புல்லில் நடக்க நடக்கப் பூச்சிகள் கிளம்பி, கூப்பிடாமலே வாய்க்கு நேரே வரும்.

இரண்டாவது, மேளத்தில் இருப்பவரைக் காட்டில் யாரும் தின்னக்கூடாது. இந்தச் சலுகை நாலு பேருக்கும் பொதுவானதுதான். ஆனால் மற்ற மூன்று பேரும் குருவி ஜாதி. பக்கத்தில் இருப்பவர் நாக்கைச் சுழற்றுகிறாரா என்று பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டிய நிலைமை சிள்வண்டு ஒருவருக்குத்தான்.

இப்போது கரிச்சானுக்கு வருவோம். கதை அதனுடையது.

கரிச்சானுக்கு வால் நுனியில் இரண்டு துடுப்பு. தொண்டையில் இருபது குரல். பருந்து மாதிரி வீறிடும். மற்றக் குருவிகள் பிடித்த புழுவைப் போட்டுவிட்டு ஓடும். புழு கரிச்சானுக்கு. தாய்க்குரங்கு கூப்பிடுவது மாதிரிக் கூப்பிடும். நாலு குட்டிகள் நாலு பக்கமிருந்து ஓடிவந்து மண்டையில் முட்டிக்கொள்ளும். ஒரு தடவை இரண்டு காட்டுப்பன்றிகள் ஒன்றை ஒன்று கேவலமாகத் திட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை சண்டை போட்டன. உண்மையில் அவை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இரண்டு பக்கமும் பேசியது மேலே கிளையில் இருந்தது.

இத்தனை இருந்தும் கரிச்சானுக்குப் பட்டம் எதுவும் இல்லை. பெரியம்மா அதை ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவாள். “ஏய், காதுகிட்டக் கத்தாதே.” “ஏய், நகர்ந்து உட்கார்.”

வருஷா வருஷம் கரையில் பட்டம் சொல்லிக் கூப்பிடுவதைக் கரிச்சான் பக்கத்து மரத்திலிருந்து பார்க்கும். நாயனக்காரரே, இருக்கேன் தாயே. தவில்காரரே, இருக்கேன் தாயே. தாளக்காரரே, இருக்கேன் தாயே. ஒத்துக்காரரே...

பதிலே வராது. ஒரு வருஷம்கூட வந்ததில்லை. பெரியம்மாவும் நீட்டிய தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள்.

‘எவ்வளவு திமிர் பாரு!’ என்று கரிச்சானுக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘தானே கூப்பிடறாங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிடும்?’

இந்த வருஷம் கடப்பதற்கு முதல் நாள், கரிச்சான் நேரே நீர்மருதுக்கே போயிற்று.

“அண்ணே, வணக்கம்ண்ணே. உங்க நாயனத்தைக் கேட்டா ஆறே நின்னுடும் போல இருக்குண்ணே.”

“என்ன வேணும்?” என்றார் பூங்குருவி. முகம் மட்டும் கொஞ்சம் மலர்ந்திருந்தது.

“ஒரு பட்டம் வேணும்ண்ணே.”

“என்ன பட்டம்?”

“வித்வான்.”

மேல் கிளையில் தவில்காரருக்குச் சிரிப்பு வந்து ஒரு அடி தவறிவிட்டது.

“சரிண்ணே, வித்வான் வேணாம். பாடகர்?”

“பாடகர்னா சொந்தமா ஒரு பாட்டாவது இருக்கணும். உங்கிட்ட இருக்கா?”

“பின்பாட்டுக்காரர்?”

“யாருக்குப் பின்னால? முன்னால பாடறவன் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவன் பாட்டை நீ பாடி முடிச்சிருப்ப.”

“பக்கவாத்தியக்காரர்?”

“பக்கவாத்தியக்காரர்னா ஒரு எடத்துல உட்காரணும் தம்பி. நீ எங்க உட்கார்ற?”

“அப்ப பலகுரல்காரர்னாவது...”

“அது வழியில போறவனைச் சிரிக்க வைக்கிற வேலை. மேளத்துல அதுக்கு எடம் கெடையாது.”

தாளக்காரர் வாயில் அத்திப்பழத்தை வைத்துக்கொண்டே சொன்னார்: “மேளம்னா நாலு பேரு. நாலு எடமும் ரொம்பிடுச்சு. நீ போயிட்டு வா.”

கரிச்சான் போகவில்லை. நாலு இடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. நாயனமா? கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். மூன்று ராகம் தாண்டினால் மாட்டிக்கொள்வோம். தவிலா? அலகு தேய்ந்துவிடும். தாளமா? அதற்கு எண்ணத் தெரியவேண்டும். கரிச்சானுக்கு மூன்றுக்கு மேல் எண்ணிக்கை வராது. கடைசியாக அதன் பார்வை அடிமரத்துக்கு இறங்கியது.

“அண்ணே, அந்தக் கடைசி ஆள் என்ன பண்றாரு?”

“ஒத்து.”

“அதான், என்ன பண்றாரு?”

“அதைத்தான் பண்றாரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

கரிச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. “ஙீஈஈஈஈஈ!”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிள்வண்டே ஒரு கணம், நாம் ஆரம்பித்துவிட்டோமா என்று தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மயிரிழை வித்தியாசம் இல்லை.

“இதுக்குப் போய் ஒரு பட்டமாண்ணே!” என்று கரிச்சான் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தியது. “நான் ஒண்ணு கேட்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. இத்தனை வருஷமா சாப்பாட்டைக் கைக்கெட்டற தூரத்துல வச்சுக்கிட்டு எப்படித்தான் வாசிக்கிறீங்க?”

பூங்குருவி எச்சிலை விழுங்கினார். அவர் யாரிடமும் சொல்லாத கஷ்டம் அது. பல்லவி எடுக்கும்போதெல்லாம் கண் தானாக அடிமரத்துக்குப் போய்விடும். வாயில் ஊறும். ஊறிய வாயோடு சீட்டி அடிப்பது எவ்வளவு சிரமம் என்று அடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

“குண்டா வேற இருக்காரு,” என்றது கரிச்சான், பூங்குருவியின் குரலிலேயே. அதனால் அது தனக்கே தோன்றியது போல இருந்தது பூங்குருவிக்கு.

சிள்வண்டு பட்டையிலிருந்து பேசினார். அவர் பேசி அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள். “அண்ணே, ஆறு அகலம். இந்தத் தம்பிக்குச் சத்தம் வாயிலேர்ந்து வருது. நடுவுல மூச்சு வாங்கணும். எனக்கு வயித்துலேர்ந்து வருது. அது ஒண்ணுதான்...”

“போதும்!” என்றார் பூங்குருவி. “ஒத்துக்காரர் பேச ஆரம்பிச்சா ஒத்து யார் போடறது? மேளத்துல யாரைச் சேர்க்கணும், யாரை நிறுத்தணும்கிறது நாயனக்காரன் பொறுப்பு. இந்த நிமிஷத்துலேர்ந்து கரிச்சான்தான் ஒத்துக்காரர்.”

“பெரியம்மாகிட்டச் சொல்ல வேணாமா?” என்று கேட்டார் தாளக்காரர்.

“எதுக்கு? கேட்கறதுக்கு ஒரே மாதிரிதானே இருக்கு.”

ஆகவே இனி நாமும் கரிச்சானை ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். சிள்வண்டை ‘அது’ என்று சொன்னால் போதும்.

அந்த மாற்றம் தவில்காரருக்கு எல்லாருக்கும் முன்பே புரிந்துவிட்டது. அவருடைய நீள நாக்கு அவரைக் கேட்காமலே வெளியே வந்தது. ஆனால் அவர் குனிந்து பார்ப்பதற்குள் பட்டையில் யாரும் இல்லை.

“பறந்து போயிருக்கும்,” என்றார் பூங்குருவி வருத்தத்துடன்.

பறக்கவில்லை. பட்டை இடுக்கில் புகுந்து, இறகை இறுக்கி ஒடுக்கிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கிடந்தது. வெளியே மூன்று அலகுகள். இல்லை, தாளக்காரர் அத்திப்பழத்தோடு சரி. கரிச்சானையும் சேர்த்தால் திரும்பவும் மூன்று. ஒரு ‘ஙீ’ போட்டால் போதும், இருக்கிற இடம் தெரிந்துவிடும். சிள்வண்டு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா இருந்தது.

மறுநாள் காலை யானைகள் இக்கரையில் வரிசை கட்டின. முன்னால் பெரியம்மா. அவள் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தவள். அவள் வாலை அதற்கடுத்தவள். இப்படியே பதினாலு யானை. கடைசிக்கு முன்னால் அந்த வருஷம்தான் பிறந்த ஒரு குட்டி. அதற்குப் பின்னால் அதன் அம்மா. மேற்கே மலையுச்சியில் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. “மழை அங்கேதான், இங்கே இல்லை,” என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

அக்கரையில் வேடிக்கை பார்க்கக் குரங்குக் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது.

பூங்குருவி அலகை உயர்த்தினார். நாயனம் எழுந்தது. தவில் சேர்ந்தது. தாளம் விழுந்தது. ஒத்துக்காரர் கரிச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ‘ஙீஈஈஈ’ என்று பிடித்தார்.

பெரியம்மா காதை விரித்தாள். நேர் எதிரே ஒத்து. சரி. தண்ணீரில் கால் வைத்தாள்.

முதல் இருபது அடி பிரமாதமாகப் போயிற்று. சின்னச் சின்னதாக மூச்சுத் திருடினார் கரிச்சான். தவில் சத்தத்தில் அது மறைந்துவிட்டது. ‘இவ்வளவுதானா?’ என்று நினைத்தார். ‘இதுக்கா அவ்வளவு திமிர்?’

அடுத்த இருபது அடியில் கொஞ்சம் சலிப்புத் தட்டியது.

அதற்கடுத்த இருபது அடியில் ரொம்பவே சலித்தது. பூங்குருவி மேலே போய்க் கீழே வந்து விளையாடுகிறார். தவில்காரர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போலக் கொட்டுகிறார். நாம் மட்டும் ‘ஙீ’. இப்போதும் ‘ஙீ’. இன்னும் கொஞ்ச நேரம் கழித்தும் ‘ஙீ’தான். காடே பார்க்கிறது, யாரும் நம்மைப் பார்க்கவில்லை.

யானைகள் வரும்போது ஈக்களும் கூடவே வரும். அதில் ஒரு நீல ஈ, நன்கு கொழுத்தது, ஆற்றைத் தாண்டி வந்து கரிச்சானின் மூக்குக்கு முன்னால் நின்று ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டம் போட்டது.

லபக்.

ஒத்து நின்றது.

நடு ஆற்றில் பெரியம்மா தூக்கிய காலோடு நின்றாள். பின்னால் வந்தவள் அவள்மேல் இடித்தாள். அவள்மேல் அடுத்தவள். பதினாலு யானையும் வரிசையாக இடித்துக்கொண்டு நின்றன.

கரிச்சான் ஈயை விழுங்கிவிட்டு அவசரமாக ‘ஙீஈஈ’ என்றார். பெரியம்மா காலை வைத்தாள். ‘யாரும் கவனிக்கல,’ என்று கரிச்சானுக்கு நிம்மதி. ஈயும் ருசியாக இருந்தது. அடுத்த ஈக்கு வசதியாக இடது பக்கக் கிளைக்குத் தாவி உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் ஒரு குரங்கு அவரைக் கண்டுபிடித்தது.

“டேய், அங்க பாருங்கடா! நம்ம கரிச்சான்! என்னடா, கொசு மாதிரி ரீங்காரம் பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்க?”

“அவரை டேய்ங்காதடா. அவர் இப்ப ஒத்துக்காரர்.”

“அட, ஆமா! உத்தியோகம் வந்ததும் கொரலு போயிடுச்சு போல. முன்னெல்லாம் பன்னி ஏப்பம் விடுவியே, அதாவது மிச்சம் இருக்காய்யா?”

கரிச்சான் ‘ஙீஈ’யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்று. அதற்கு மேல் அவருக்கு எண்ணத் தெரியாது.

ஒரு பன்றி ஏப்பம் விட்டார்.

குரங்குகள் கிளையிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தன. ‘ஆஹா!’ என்றது ஒன்று. அந்த ‘ஆஹா’வுக்காகத்தான் கரிச்சான் பிறந்ததிலிருந்து காத்திருந்தார். வலது கிளைக்குத் தாவித் தவில்காரர் மாதிரி ஒரு உருட்டு உருட்டினார். உச்சிக் கிளைக்குத் தாவினார். பூங்குருவி அப்போதுதான் வாசித்து முடித்திருந்த வரியை அப்படியே திருப்பி வாசித்து, கடைசியில் அவரே போடாத ஒரு சுழிப்பையும் போட்டார்.

பூங்குருவி நிறுத்திவிட்டார். “யார்றா அது என் வரியை வாசிக்கறவன்?”

“நான் இல்ல,” என்றது பூங்குருவியின் குரல், உச்சிக் கிளையிலிருந்து.

“அண்ணே, நீங்க நிறுத்தினா நான் எதுக்கு அடிக்கணும்?” என்று தவில்காரரும் நிறுத்தினார். தாளக்காரருக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவரும் நிறுத்தினார்.

குரங்குகள் சிரித்து ஓய்ந்தன. ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அது காலையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

தண்ணீர் நிறம் மாறியிருந்தது. செம்மண் கலங்கல். அதன்மேல் சருகும் நுரையும் சுள்ளியும். மலையில் பெய்தது வந்து சேர்ந்துவிட்டது.

நடு ஆற்றில் பெரியம்மா ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். இடப்பக்கம் ஒத்து கேட்டது. பிறகு வலப்பக்கம் தவில். பிறகு மேலே நாயனம், எதிரேயும் நாயனம். இப்போது ஒன்றுமில்லை. தடம் எந்தப் பக்கம்? மெல்ல, மிக மெல்ல, காலை இறக்கிப் பார்த்தாள். அடியில் பாறை இல்லை. காலை மறுபடி தூக்கிக்கொண்டாள்.

பெரிய யானைகளுக்குத் தண்ணீர் வயிறு வரை இருந்தது. குட்டிக்குக் காது வரை இருந்தது. அது தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, முன்னால் இருந்தவளின் வாலைப் பிடிக்கப் பார்த்தது. வால் வழுக்கியது.

கரிச்சான் பார்த்தார். அவசரமாக வாயைத் திறந்தார்.

“ஙீ...” மூச்சு முட்டியது. “ஙீஈ...” பயத்தில் ஒரு கிளை தள்ளிப் போய்விட்டார். “ஙீ... ஙீ...”

ஒவ்வொரு துண்டுக்கும் பெரியம்மா ஒரு பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு இடைவெளிக்கும் நின்றாள். திரும்பிய பக்கமெல்லாம் மடு.

“ஒரே எடத்துல உட்கார்ந்து போடுய்யா!” என்று பூங்குருவி அலறினார். யானைகள் எதைக் கேட்டு நடந்து வருகின்றன என்பது இத்தனை வருஷம் கழித்து அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? “விடாம போடுய்யா!”

“வரலண்ணே!” என்றார் கரிச்சான். அது வேறு யாருடைய குரலும் இல்லை. யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

அப்போது அடிமரத்திலிருந்து வந்தது.

ஙீஈஈஈஈஈஈஈஈஈஈ.

பட்டை இடுக்கிலிருந்து சிள்வண்டு வெளியே வந்து, எப்போதும் உட்காரும் இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தது. இரண்டு இறகும் நடுங்கின. சத்தம் நடுங்கவில்லை.

தவில்காரருக்கு அது ஒரு தாவு தூரம். பூங்குருவிக்கு அரைத் தாவு. காலையிலிருந்து இரண்டு பேரும் எதுவும் சாப்பிடவில்லை. மேளத்தில் இல்லாதவரைத் தின்னக்கூடாது என்று சட்டமும் இல்லை. தவில்காரரின் நாக்கு நுனி எட்டிப் பார்த்தது.

ஆனால் ஒத்து கேட்டதும் பூங்குருவியின் அலகு, பல வருஷப் பழக்கத்தில், தானாகவே பல்லவியைப் பிடித்துவிட்டது. வாசிக்கிற வாயால் தின்ன முடியாது. பல்லவி கேட்டதும் தவில்காரரின் நாக்கு உள்ளே போயிற்று. அலகு மரத்தில் விழுந்தது. ‘டங்க்’ என்றார் தாளக்காரர்.

பெரியம்மா காதை விரித்தாள். நேர் எதிரே ஒத்து. அசையாத ஒத்து. காலை நேராக வைத்தாள். அடியில் பாறை இருந்தது.

குட்டியின் அம்மா பின்னாலிருந்து அதை முட்டித் தூக்கினாள். குட்டி வாலைப் பிடித்தது. வரிசை நகர்ந்தது.

கரிச்சான் அடிமரத்துக்கு நேர் மேலே, தாழ்ந்த கிளையில் வந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் இப்போது ஒத்துப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுத் திரும்பியது. மூச்சோடு சேர்ந்து பழைய புத்தியும் திரும்பியது. ‘அட, பெரியம்மாவுக்குக் கண்ணு தெரியாது. பட்டம் சொல்லிக் கூப்பிடுவாங்க. முந்திக்கிட்டுப் பதில் சொல்றவன்தான் ஒத்துக்காரர். இவன்தான் எப்பவும் பதிலே சொல்ல மாட்டானே!’

பெரியம்மா கரையேறினாள். உடம்பை உதறினாள். பின்னால் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல முதலில் மேளத்துக்கு மரியாதை.

“நாயனக்காரரே!”

“இருக்கேன் தாயே,” என்று ஒரு வரியின் நடுவில் நிறுத்திச் சொன்னார் பூங்குருவி. குரல் சின்னதாக இருந்தது.

“தவில்காரரே!”

“இருக்கேன் தாயே.”

“தாளக்காரரே!”

“இருக்கேன் தாயே.”

“ஒத்துக்காரரே!”

“இருக்கேன் தாயே!” என்றார் கரிச்சான். கணீரென்று, பணிவாக, சிள்வண்டு நேற்றுப் பேசிய அதே குரலில். இருபது குரலில் அதுதான் அவர் செய்ததிலேயே அச்சு அசல்.

பெரியம்மாவின் தும்பிக்கை சந்தோஷமாக நீண்டது. “அடடே! இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் வாயைத் தொறந்தீங்க. எங்க இருக்கீங்க? வாங்க, ஏறிக்கங்க.”

கரிச்சான் ஒரு காலைத் தூக்கித் தும்பிக்கையில் வைத்தார்.

தும்பிக்கை அப்படியே நின்றது. பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“நீங்க இங்க பேசறீங்க,” என்றாள் நிதானமாக. “ஒத்து அங்க கேட்குதே?”

எல்லாரும் கேட்டார்கள். ஙீஈஈஈஈஈ. அது நிற்கவில்லை. ஏனென்றால் குட்டி இன்னும் தண்ணீரில் இருந்தது. அதன் அம்மாவும் இருந்தாள். முன்காலைக் கரையில் வைத்த குட்டி சேற்றில் வழுக்கி, திரும்பவும் வழுக்கி, மூன்றாவது தடவை ஏறியது. அதன் அம்மா ஏறினாள். அவளுடைய கடைசிக் கால் தண்ணீரை விட்டு வெளியே வந்தது.

அப்போதுதான் ஒத்து நின்றது.

 

பூங்குருவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஒத்துக்காரரே,” என்றார் அடிமரத்தைப் பார்த்து, “அடுத்த வருஷம்... அதாவது, எப்பவும் போல...”

 ஒத்துக்காரருக்குக் களைப்பாக இருந்தது. பட்டையில் வெயில் விழும் இடம் பார்த்து ஓர் அடி நகர்ந்தார். ஆனால் மேலே தாழ்ந்த கிளையிலிருந்து துடுப்பு வாலின் நிழல் சரியாக அந்த இடத்தில் விழுந்தது.

பெரியம்மா நிழலைப் பார்க்கவில்லை. ஆனால் கிளையில் யாரோ நெளிவது அவள் காதுக்குக் கேட்டது. தும்பிக்கையை உதறி, அதில் இருந்த காலைக் கீழே தள்ளினாள்.

“ஏய்,” என்றாள். “நகர்ந்து உட்கார்.”

கரிச்சான் நகர்ந்து உட்கார்ந்தது.

நீதி: ஒருவரைப் போல ஒலிக்கத் தெரிந்துவிட்டால், அவருடைய வேலை தெரிந்துவிட்டதாக ஆகாது.